குகை வீடுகள் கற்பிக்கும் பாடம்

ஆளில்லாத வீடொன்றின் முன் நிற்கும்போது நாம் எதைக் கேட்க வேண்டும்? இதை அறிய, தென் இத்தாலியிலுள்ள மத்தேரா நகருக்குத் தனியே செல்லும் ஒரு பயணியோடு நாமும் மனத்தளவில் சென்று வருவோம்.

ஆழமான பள்ளத்தாக்கின் சரிவிலே, மென்மையான சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து அமைத்த வீடுகள் அங்கே அடுக்கடுக்காய் உள்ளன. அப்பகுதிக்குச் சஸ்ஸி என்று பெயர். ஒரு வீட்டின் கூரைமேல் அடுத்த வீட்டாரின் பாதை செல்லும். மழைநீரைத் தேக்கும் தொட்டிகளும், வழிபடும் ஆலயங்களும் பாறைக்குள்ளேயே குடையப்பட்டவை. கூட்டமாகச் செல்வோர் வழிகாட்டி சொல்வதோடு திருப்தியடைவர். தனியே செல்பவரோ தாமே விசாரித்து அறிய வேண்டும்.

அவர் விசாரிக்கட்டும். ஒரு குகை வீட்டைப் பழைய நாளில் இருந்தபடியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். உயரமான கட்டில், அதன் கீழே கோழிகள், பின்புறத்தில் கோவேறு கழுதைக்குக் கொட்டில். குடும்பம் முழுவதும் அந்த ஓர் அறையில்தான் வாழ்ந்தது. மலேரியா அவர்களை வாட்டியது. குழந்தைகள் பலர் மாண்டனர். கார்லோ லேவி என்னும் மருத்துவர் 1945இல் வெளியிட்ட நூலில் இந்த வறுமையை எடுத்துரைத்தார். நாடு தலைகுனிந்தது. மத்தேரா 'தேசிய அவமானம்' எனப்பட்டது. 1952இல் சட்டம் இயற்றப்பட்டு, ஏறத்தாழ 15,000 பேர் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர்.

நோக்கம் நல்லதே. ஆனால் சஸ்ஸியில் பல வீடுகளின் வாசல்கள் ஒரே முற்றத்தை நோக்கியிருந்தன. அங்கே ஒருத்தியின் பிள்ளைக்குப் பல தாய்மார் இருந்தனர். லா மார்த்தெல்லா என்ற புதிய குடியிருப்பிலும் அவ்வுறவை வளர்க்கத் திட்டமிட்டோர் முயன்றனர். அது எளிதில் வேரூன்றவில்லை.

1993இல் யுனெஸ்கோ அக்குகைகளை உலக மரபுரிமையாக ஏற்றது. 2019இல் மத்தேரா ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகராயிற்று. ஏழையும் கழுதையும் உறங்கிய குகைகள் பல இன்று வசதியான விடுதிகள். கல் மாறவில்லை, உலகம் அதைப் பார்க்கும் பார்வையே மாறியது. ஆனால் அன்று அவமானம் என்ற பெயரைச் சுமந்தவர்கள் அங்கு வாழ்ந்த ஏழைகளே.

இப்பாடம் நமக்கும் உரியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். நம் மன்னார்த் தீவின் தாராபுரம், எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களும் வெறிச்சோடின. மத்தேராவில் நடந்தது வேறு. அங்கே மாற்று வீடு கொடுத்தார்கள். இங்கே ஒன்றும் கொடுக்காமல் துரத்தினார்கள். எனினும் பாழடைந்த சுவரைப் பார்ப்பவரின் கடமை இரண்டிடத்திலும் ஒன்றே.

இங்கு வாழ்ந்தவர் யார்? ஏன் போனார்? திரும்பி வந்தாரா? இம்மூன்றையும் கேளுங்கள். மறுமொழி சொல்லக்கூடியவர் உங்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கக்கூடும். அவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள்.