கோடையிற் கிணற்றுநீரைச் சிக்கனப்படுத்தித் தோட்டப் பயிர்களைக் காத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மாத்திரமே ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே நிலத்தினுட் புகுந்து, சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களிலே தங்கி, மறு மாரி வரை கிணறுகளுக்கு ஊற்றாகின்றது. அம்மழை குறைந்தால் மறு கோடையிற் கிணறுகளும் குறைவது இயல்பு. 2016 ஆம் ஆண்டின் பருவமழை பெரும்பாலும் பொய்த்தமையால், 2017 ஆம் ஆண்டில் வட மாகாணம் உட்பட இலங்கையின் பல பகுதிகள் கடும் வறட்சிக்கு உள்ளாயின. இத்தகைய காலத்திற் கமக்காரர் கைக்கொள்ள வேண்டிய முறைகள் இங்கே கூறப்படுகின்றன.

கிணற்றின் இயல்பு

குடாநாட்டின் நன்னீர், கடலோடு தொடர்புடைய உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதாகும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குத் தக்க சான்று. கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தாங்கப்படும் என்பது கணக்கு. ஆகவே மேல்மட்டம் 1 அடி தாழ்ந்தால், காலப்போக்கில் உப்புநீரின் எல்லை அதைவிடப் பன்மடங்கு மேலெழும்.

துலாவும் சூத்திரமும் கொண்டு இறைத்த காலத்தில் ஆளும் மாடும் களைத்தபோது கிணறும் ஆறியது. இயந்திரம் களைப்பதில்லை. நீர் வற்றும்வரை ஒரே மூச்சில் இறைத்தால், கீழுள்ள உவர்நீர் கிணற்றினுள் ஏறும். அவ்வாறு உவரான கிணறு அடுத்த நல்ல மாரி வரையேனும் தேறாது. அயல்வீட்டுக் குடிகிணறும் அதே நன்னீரையே கொண்டுள்ளது என்பதை மறத்தலாகாது. எனவே, காலையிற் சிறிது நேரமும் மாலையிற் சிறிது நேரமுமாக இறைத்து, இடையே ஊற விடுவதே நன்று.

செய்கைப் பரப்பை முன்னரே வரையறுத்தல்

1 பரப்பு நிலத்தில் 1 அங்குலம் நீர் நிற்க ஏறத்தாழ 6,400 லீற்றர், அதாவது 1,400 கலன் நீர் தேவை. 8 பரப்புத் தோட்டம் உடையவரின் கிணறு 5 பரப்புக்கே போதுமாயின், 5 பரப்பில் மாத்திரம் நடுதல் வேண்டும். எட்டையும் நட்டு அரைகுறையாக இறைத்தால் எட்டும் கெடும். விதையும் பசளையும் கூலியும் வீணாகும். ஆகவே பரப்பைக் குறைக்கும் முடிவு நடுவதற்கு முன்னரே எடுக்கற்பாலது.

நட்டபின் நீர் தட்டுப்படின், எப்பயிருக்கு எப்பருவத்தில் நீர் இன்றியமையாதது என அறிதல் வேண்டும். மிளகாய், தக்காளி, வெண்டி ஆகியவற்றுக்குப் பூத்துக் காய்பிடிக்கும் காலமும், வெங்காயத்துக்குக் கிழங்கு பருக்கும் காலமும் முக்கியமானவை. வெங்காயத் தாள் சாயத் தொடங்கியபின் இறைப்பை நிறுத்தலாம். நீரும் மிஞ்சும், காயும் நெடுநாள் இருக்கும்.

எப்பொழுது இறைப்பது

நாட்கணக்கு வைத்து இறைப்பதினும் மண்ணைப் பார்த்து இறைப்பது சிறந்தது. வேரருகே 4 அங்குல ஆழத்து மண்ணைக் கையிலெடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்குமாயின் அன்று இறைக்க வேண்டியதில்லை. நண்பகலில் இலை வாடி மாலையில் நிமிர்ந்தால் அஞ்ச வேண்டியதில்லை. விடியற்காலையிலும் வாடிநின்றால் உடனே இறைத்தல் வேண்டும்.

வலிகாமத்துச் செம்மண் நீரை விரைவில் கீழே விட்டுவிடும். ஆகையால் ஒரேயடியாகப் பெருக இறைப்பதினும், அளவாக இறைப்பதே பயன் தரும். மிகையான நீர் இரசாயனப் பசளையையும் கரைத்துக் கிணற்றுக்கே கொண்டு சேர்க்கும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்கு உலக சுகாதார தாபனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையை மீறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

வெயில் ஏறுமுன்னும் மாலையிலுமே இறைக்க வேண்டும். மண் வாய்க்காலில் ஊறி வீணாகும் நீரைக் குழாய் அல்லது சீமெந்து வாய்க்கால் கொண்டு தடுக்கலாம். சோழகக் காற்று வீசும்போது தூவல் முறையினால் நீர் காற்றோடு போகும். சற்று உவரான நீராயின் இலையும் கருகும். அவ்வேளைகளிற் சொட்டுநீர் முறையோ, வேரடியில் ஊற்றுவதோ ஏற்றது.

மண்ணை மூடுதல்

வெறும் மண்ணிலிருந்து வெயிலும் காற்றும் ஈரத்தைக் கவர்ந்து செல்லும். வைக்கோல், சருகு, கீறிய பனையோலை ஆகியவற்றை 2 அல்லது 3 அங்குலக் கனத்துக்குச் செடிகளுக்கிடையே பரப்பினால் ஈரம் நிற்கும், களையும் குறையும், பின்னர் அதுவே உக்கிப் பசளையாகும். தண்டோடு ஒட்டாமற் பரப்புதல் வேண்டும். கறையான் உள்ள இடங்களில் அடிக்கடி கிளறிப் பார்த்தல் நன்று.

இளநாற்றை மாலையில் நட்டு, சில நாட்களுக்கு வாழைத்தடலால் நிழல் கொடுக்க வேண்டும். காற்று வரும் பக்கத்தில் ஓலைவேலியோ, கிளுவை, பூவரசு வேலியோ அடர்த்தியாக இருப்பின் பயிர் வாடுவது குறையும்.

முட்டி புதைத்தல்

வீட்டுத் தோட்டத்துப் பூசணி, பாகல், புடோல் ஆகியவற்றுக்கு மிகக் குறைந்த நீருடைய முறை இது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சீனத்து விவசாய நூலொன்று இதனைக் கூறியுள்ளது. 2 கலன் கொள்ளும், மெருகிடாத மண்முட்டியைக் கழுத்தளவு புதைத்து, சுற்றிலும் 4 விதைகளை இட்டு, முளைக்கும்வரை மேலேயும் சிறிது நீர் தெளித்து வருதல் வேண்டும். முட்டியில் நிரப்பிய நீர் சுவர் வழியே கசிந்து வேருக்கு மாத்திரம் சேரும். நீர் குறையக் குறைய மீண்டும் நிரப்பலாம். நுளம்பு பெருகாதபடி வாயை இறுக மூடிவைத்தல் அவசியம்.

வயற் கமக்காரர் செய்யத்தக்கது

நெல்வயலின் வரம்பு நெல்லுக்கு மாத்திரமன்றிக் கிணற்றுக்கும் உதவுவது. மாரிக்கு முன் வரம்புகளை உயர்த்திக் கட்டி, குளங்களையும் கேணிகளையும் தூர்வாரினால், கடலுக்கு ஓடும் வெள்ளம் நிலத்தில் இறங்கி மறு கோடைக்குக் கிணற்றில் நிற்கும். அறுவடையானதும் எஞ்சிய ஈரத்தில் எள்ளு, பயறு விதைத்தால் இறைப்பின்றியே ஒரு விளைவு பெறலாம்.

கிணற்று நீரிற் சுவை மாறினாலோ, இலையோரம் கருகினாலோ இறைப்பைக் குறைத்து, போத்தலொன்றில் நீரை எடுத்துச் சென்று விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறுதல் வேண்டும். வெங்காயமும் போஞ்சியும் உப்பை எளிதிற் பொறுக்கமாட்டா. அத்தகைய நீர் இறைக்குமிடத்தில் அவற்றைத் தவிர்ப்பது நலம்.