உடைந்த பிளாஸ்டிக்: எது ஒட்டும், எது ஒட்டாது?



"பக்கெட்டுக்கு பெவிகுயிக் போட்டோம், ரெண்டே நாள்ல விட்டுடுச்சு" என்று ஒரகடம் பக்கத்துக் குழுக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். தப்பு பசையில் இல்லை. பொருளின் அடியைப் பாருங்கள். பெரும்பாலும் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும்.

எண் 2, 5: குடம், பக்கெட், நாற்காலி. மெழுகு மாதிரி வழுவழுப்பானவை. சாதாரணப் பசை பிடிக்காது. கார் பம்பரும் பெரும்பாலும் இந்த வகைதான். அதை உருக்கித்தான் இணைக்கிறார்கள். நாம் விரிசலின் இரு பக்கமும் சூடான ஊசியால் துளையிட்டு, கம்பியால் தைக்கலாம். தண்ணீர் நிற்காது; துணி, விறகு போட உதவும்.

கெட்டியான பிளாஸ்டிக்: டிவி ரிமோட், ரேடியோ மூடி. உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, ஒரு சொட்டு பெவிகுயிக் விடுங்கள். ஓட்டை இருந்தால் எம்-சீல் இரண்டையும் சம அளவில், ஒரே நிறமாகும்வரை பிசைந்து அடைத்து, ஒரு இரவு விடுங்கள்.

கவனம்: விரல் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள். குடிதண்ணீர்க் குடத்தை ஒட்டிப் பயன்படுத்த வேண்டாம்.

முக்கியமாக, கால் உடைந்த நாற்காலியை ஒட்டி, பெரியவர்களை உட்கார வைக்காதீங்க. நாற்காலிக் காசு மிச்சமாகும். இடுப்பு எலும்பு உடைந்தால் குழுக் கடன் வாங்கினாலும் போதாது.

அடுத்த கூட்டத்துக்கு, உங்கள் வீட்டு உடைந்த பொருளின் எண்ணைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். சேர்ந்து பேசுவோம்.