இரு பற்கள் இல்லாத சக்கரம்

மகிழுந்தின் பொறியில் பிஸ்டன்கள் மேலும் கீழும் இயங்குகின்றன. அவ்வியக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டு. எரிபொருளைத் தெளிப்பதற்கும் தீப்பொறி எழுப்புவதற்கும் உரிய நொடியை வண்டியின் கணினி முடிவு செய்கிறது. அதற்குத் தண்டின் நிலை தெரிதல் வேண்டும். அதனை அறிவிப்பதே நிலை உணரி.

தண்டுடன் ஒரு பல்சக்கரம் சுழல்கிறது. பல வண்டிகளில் அச்சக்கரத்தில் 60 பற்களுக்கு இடம் உண்டு. பற்களோ 58 மட்டுமே. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது உணரியில் மின்துடிப்பு எழும். துடிப்பு எழாத அந்த இடைவெளியைக் கொண்டே கணினி தண்டின் நிலையைக் கணிக்கிறது.

உணரி பழுதுற்றால், ஓடும் வண்டி நடுச்சாலையில் நின்றுவிடக்கூடும். பயிற்சியுடைய பெரியோர் அதனை வீட்டிலேயே மாற்றுவது உண்டு. பொறி ஆறியபின் பேட்டரியின் எதிர்மின் முனை இணைப்பைக் கழற்றுவர். மின்கம்பி அறுந்துள்ளதா, இணைப்பில் துரு படிந்துள்ளதா என முதலில் நோக்குவர். குறை அங்கேயே இருப்பின் உணரியை மாற்றத் தேவையில்லை. இல்லையெனில், திருகாணியைக் கழற்றிப் பழைய உணரியை மெல்ல அசைத்து எடுப்பர். புதிய உணரியில் ரப்பர் வளையம் இருப்பின், சிறிது எண்ணெய் தடவிப் பொருத்துவர். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகுதல் கூடாது; உறுதியான தாங்கிகள் வேண்டும்.

சொற்பொருள்
மகிழுந்து – கார். உணரி – சென்சார். பாகை – டிகிரி

பயிற்சி
1. கணினிக்கு இடைவெளி எவ்வாறு உதவுகிறது?
2. 360 பாகையை 60 பற்களுக்குப் பகிர்ந்தால் ஒரு பல்லுக்கு எத்தனை பாகை?
3. ‘பொறி’ என்னும் சொல் இப்பாடத்தில் தரும் இரு பொருள்களை எழுதுக.