அரசியல் பீட்டில் நிலைத்து நிற்க

தலைமைச் செயலகத்திலும் கட்சி அலுவலகங்களிலும் தலை நரைத்த நிருபர்கள் பலரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நல்ல எழுத்து இருந்தும் பாதியில் காணாமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் புதிதாக வந்திருந்தால், இவற்றை இன்றே பழகுங்கள்.

செய்ய வேண்டியவை

• தேதி, நேரம், இடம் போட்டுக் குறிப்பெடுங்கள். ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று தலைவர் மறுநாள் மறுத்தால் கைகொடுப்பது அந்த நோட்டுதான்.

• பேச்சைத் தொடங்கும் முன்பே ‘பெயர் போடலாமா, ஆஃப் த ரெக்கார்டா’ என்று கேட்டுவிடுங்கள். பேசி முடித்தபின் கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

• வேட்பாளரின் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தைக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். சொத்து, கடன், வழக்கு எல்லாம் அவரே கையெழுத்திட்டுத் தந்தவை. போன தேர்தலின் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து, மனைவி பெயரிலுள்ள நிலத்தின் சர்வே எண்ணை ஒப்பிடுங்கள். பல செய்திகள் அங்கேதான் கிடக்கின்றன.

• பி.ஏ., டிரைவர், ஒன்றியச் செயலாளரோடு பழகுங்கள். அமைச்சர் மாறினாலும் அவர்கள் தொடர்பு உதவும்.

• குற்றச்சாட்டை எழுதும் முன் எதிர்த்தரப்பைக் கேளுங்கள். எடுக்காத போனையும் நேரத்தோடு குறியுங்கள். அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவில் கிரிமினல் குற்றம்.

செய்யக்கூடாதவை

• கவர் வாங்காதீர்கள். பிரஸ் மீட் ஃபைலுக்குள் வைத்து நீட்டுவார்கள். ஒருமுறை வாங்கினால் உங்கள் விலை அன்றே கட்சிக்குத் தெரிந்துவிடும்.

• அவைக்குறிப்பிலிருந்து நீக்கியதை அச்சிடாதீர்கள்; அது உரிமை மீறல். சட்டமன்றத்தின் உரிமைகளுக்கு எழுதப்பட்ட வரம்பு இன்றும் இல்லை. 1987-இல் அட்டைப்பட கார்ட்டூன் ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனைத் தமிழகச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. 2003-இல் தி இந்து ஆசிரியர்களுக்கு 15 நாள் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் கைதுக்குத் தடை போட்டது. இரண்டு தண்டனைகளுமே அநியாயம் என்பது என் கருத்து. இவற்றுக்குப் பயந்து விமர்சனத்தைக் கைவிடாதீர்கள்; வக்கீலிடம் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

• சோர்ஸின் உண்மைப் பெயரை போனில் பதியாதீர்கள். போன் பறிமுதலானால் அவர் வேலை போகும்.

• வாட்ஸ்அப்பில் வரும் வேட்பாளர் பட்டியலை அப்படியே போடாதீர்கள். லெட்டர்பேடில் இருந்தாலும் அது எதிர்க்கோஷ்டி கிளப்பிவிட்டதாக இருக்கலாம். தலைமை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

• தலைவரோடு எடுத்த செல்ஃபியை டி.பி.யாக வைக்காதீர்கள். அடுத்த கட்சிக்காரர் உங்களிடம் மனம் விட்டுப் பேசமாட்டார். இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.