சொல்லும் பொருளும்: கொத்தளம்

"கோட்டை கொத்தளம்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். கோட்டை எது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். கொத்தளம் எது என்று கேட்டால், என் தமிழ் வகுப்பில் பெற்றோரும் சேர்ந்தே விழிக்கிறார்கள். ஆகவே இம்முறை இச்சொல்லையே பாடமாக எடுத்துக்கொண்டேன். எடுத்துக்காட்டு, பாலக்காட்டுக் கோட்டை.

நீண்ட சுவர் போல் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில், கோவைக்கு மேற்கே ஒரு பெரிய இடைவெளி உண்டு. அதுவே பாலக்காட்டுக் கணவாய். கொங்கு நாட்டிலிருந்து மலபார்க் கரைக்குப் படையும் பண்டமும் செல்ல எளிய வழி அது. 1757-இல் பாலக்காட்டு அரசர், கோழிக்கோட்டுச் சாமூதிரியை எதிர்க்க, அப்போது திண்டுக்கல்லில் அதிகாரம் செலுத்திய ஹைதர் அலியின் உதவியை நாடினார். 1766-இல் ஹைதர் அங்கே தமக்கே ஒரு கோட்டை எழுப்பிக்கொண்டார்! மக்கள் அதைத் "திப்பு கோட்டை" என்று அழைத்தாலும், கட்டியவர் தந்தையே.

கோட்டை சதுர வடிவம், சுற்றிலும் அகழி. நான்கு மூலைகளிலும், வாயில் உள்ள மேற்குப் பக்கம் நீங்கலாக மற்ற மூன்று பக்கங்களின் நடுவிலும், மதில் வெளிப்புறமாகப் புடைத்து நிற்கும். அந்தப் புடைப்புத்தான் கொத்தளம். ஆக மொத்தம் ஏழு.

ஏன் இந்த ஏற்பாடு? நேரான மதில்மேல் நிற்கும் வீரனுக்குத் தூரத்து எதிரி தெரிவான். மதிலடியில் ஒண்டி நிற்பவன் தெரியமாட்டான். எட்டிப் பார்த்தால் உயிருக்கு ஆபத்து. கொத்தளத்தில் நிற்பவனோ பக்கவாட்டில் மதிலடி முழுவதையும் பார்த்துச் சுடலாம். ஒரு கொத்தளத்தின் அடியை அடுத்த கொத்தளம் காக்கும். பீரங்கியை வைத்துத் திருப்பவும் அங்கே இடம் இருக்கும்.

இத்தனை இருந்தும் ஆங்கிலேயர் 1768, 1783, 1790 ஆகிய ஆண்டுகளில் மும்முறை இக்கோட்டையைக் கைப்பற்றினர். 1783-இல் கர்னல் ஃபுல்லர்ட்டனின் முற்றுகை 11 நாள் நீடித்தது. கொத்தளம் எதிரியைத் தாமதப்படுத்தும். அதற்குள் உதவிப் படை வராவிட்டால் கல் மட்டும் ஊரைக் காக்காது.

இன்று இக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. விடுமுறையில் ஊர் செல்வோர் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம்.

பயிற்சி: யாழ்ப்பாணக் கோட்டை ஐங்கோண வடிவம்; மூலைக்கு ஒரு கொத்தளம். அதை வரைந்து, எந்தக் கொத்தளம் எந்த மதிலடியைக் காக்கும் என்று கோடிட்டுக் காட்டுக.