தணலில் சுட எதில் பொதிவது?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் சந்தை மாட்டு வியாபாரத்துக்கே பேர்போனதாயினும், மாட்டை விலைபேச வந்தவர் மாடு அமையாமல் திரும்பினாலும் பையில் கிழங்கோ கத்தரிக்காயோ கருவாடோ இல்லாமல் திரும்புவதில்லை. வாங்கிய பொருளைத் தோப்பிலோ ஏரிக்கரையிலோ மூன்று கல்லைக் கூட்டித் தணலில் சுட்டுத் தின்ன வேண்டும் என்ற ஆசை எழுந்தால், உடனே எழும் கேள்வி எதில் பொதிந்து சுடுவது என்பது. கடையில் சில்வர் பேப்பர் என்று கேட்டால் கிடைக்கும் அலுமினியத் தாள், வாழையிலை, களிமண், ஒன்றுமே சுற்றாத வெறுந்தணல் என நான்கு உபாயங்கள் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தாள் வந்த பிறகு மற்ற மூன்றும் பழசாகிவிட்டன என்று எண்ணுவோரும் உண்டு, தாளே விஷம் என்று ஒதுக்குவோரும் உண்டு. இரண்டு அபிப்பிராயமும் பதார்த்தத்தின் சுபாவத்தைப் பாராமல் சொல்லப்படுபவை.

உறையினால் விளையும் பிரயோஜனம் இரண்டே. பதார்த்தத்தின் ஈரம் வெளியேறாமல் நின்று அதன் ஆவியிலேயே அது வேகிறது என்பது ஒன்று. சாம்பலும் கரியும் ஒட்டாமல் இருப்பது மற்றொன்று. ஆனால் ஈரத்தைக் காக்கும் உறை புகையையும் உள்ளே விடாது. இறுக மூடிய பொட்டலத்தில் இருப்பது தணலில் வைக்கப்பட்டாலும் உண்மையில் அவிக்கப்படுகிறதே தவிரச் சுடப்படுவதில்லை. ஆகவே, எனக்கு வேண்டியது ஈரமா, சுட்ட மணமா என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்பவருக்குப் பாதி வழி தெளிந்துவிடும்.

இயற்கையே தோல் போர்த்து அனுப்பிய பொருள்களுக்கு உறை எதுவும் வேண்டாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுடுசாம்பலில் புதைத்து, மேலே கொஞ்சம் தணலைத் தள்ளி, முக்கால் மணி நேரம் பொறுத்திருந்தால், தோலோரத்தில் பாகு கசிந்து கறுத்து, உள்ளே வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும். சோளக்கதிரை அதன் மடலோடேயே வாட்டலாம். கத்தரிக்காயோ, தோல் கருகி வெடிக்கும்வரை வெறுந்தணலில் கிடந்தால்தான், சிதம்பரத்துக் கொத்சுவுக்குரிய அந்தப் புகைமணம் அதில் ஏறும். தாளில் சுற்றிய கத்தரிக்காய் வெந்த கத்தரிக்காய் ஆகுமேயன்றிச் சுட்ட கத்தரிக்காய் ஆகாது. கருவாட்டுக்கும் இதே நியாயந்தான்: ஈரமில்லாத பொருளுக்கு ஈரம் காக்கும் உறை எதற்கு? ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்து நெய்தல் மக்கள் பாணர்களுக்குத் தேறலோடு உலர்ந்த மீனைச் சுட்டு அளித்ததாக வரும் செய்தி, இந்தக் கடற்கரை வட்டாரத்தில் இந்த ருசி எத்தனை பழையது என்பதைக் காட்டும்.

தோல் மெலிந்ததும், மசாலா பூசியதும், எளிதில் உதிர்வதுமான மீனுக்கு வாழையிலையே உத்தமம். இலையை அப்படியே மடித்தால் நரம்போடு கிழிந்துவிடும். நடுத்தண்டைச் சீவிவிட்டு, அனலுக்கு மேலே இப்படியும் அப்படியும் ஒருமுறை காட்டினால், வெளிர்ந்திருந்த பச்சை பளபளவென்று கறுத்து, துணியைப்போல் மடங்கும். கொடுவாவோ சங்கராவோ அரைக் கிலோவுக்குள் இருக்குமாறு எடுத்து, இருபுறமும் கீறி, மிளகாயும் பூண்டும் சிறு வெங்காயமும் புளியோடு சேர்த்து அரைத்துப் பூசி, இரண்டு இலைகளில் பொதிந்து, நனைத்த வாழைநாரால் கட்டி, கம்பிவலைமேல் பக்கத்துக்குப் பத்து நிமிஷம் வைத்தால் போதும். கேரளத்தார் கரிமீனை இலையில் பொதிந்து கல்லில் வாட்டுவதும், பார்சிகள் கொத்தமல்லித் துவையல் பூசிய மீனை இலைக்குள் அவிப்பதும் இதே முறையின் கிளைகள். காப்பதோடு நில்லாமல் தன் மணத்தையும் கொடுப்பது இலையின் விசேஷம். புளியோடும் எலுமிச்சையோடும் அதற்குப் பகையில்லை. அதன் குறை ஒன்றே: நேரே தணலில் போட்டால் கருகும், அரைமணிக்கு மேல் தாங்காது.

அந்த நீண்ட நேரத்துக்குத்தான் அலுமினியத் தாள் பிறந்தது என்று சொல்லத் தோன்றும். சுவிட்சர்லாந்தில் 1910-ஆம் ஆண்டு வியாபார ரீதியில் உருட்டப்பட்டு, முதலில் சாக்லேட்டைச் சுற்றிய இத்தாள், பின்னரே அடுப்படிக்கு வந்தது. எலும்போடு கூடிய கோழித்துண்டு நடுவில் 74 டிகிரி சென்டிகிரேட் சூடு காணும்வரை வேகவேண்டும். அத்தனை நேரம் கிழியாமலும் எரியாமலும் சாறு சிந்தாமலும் தாங்குவது தாளே. பளபளப்புப் பக்கம் உள்ளேயா வெளியேயா என்ற தர்க்கம் வீண்: கடைசி உருட்டலில் இரண்டு தாள்களைச் சேர்த்து உருட்டுவதால் உண்டாகும் வித்தியாசமே அது, சமையலில் பேதமில்லை. 11 மைக்ரான் தாளானால் இரட்டையாகவும், 18 மைக்ரானானால் ஒற்றையாகவும் சுற்றி, ஆவி உப்புவதற்கு உள்ளே கொஞ்சம் இடம் விட்டு, விளிம்பை இரண்டு மடிப்பு மடிக்கவேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகுவது. விசிறிவிட்ட சவுக்குத் தணல் அதையும் எட்டக்கூடுமாதலால், நீறு பூத்த தணலின்மேலோ கம்பிவலையிலோ வைப்பதே விவேகம்.

தாளின் மெய்யான குறை புளிப்போடும் உப்போடும் அதற்குள்ள பகை. தக்காளி, புளி, எலுமிச்சை இவை சூட்டில் தாளை அரித்து, உலோகத்தைச் சிறிதளவு உணவில் சேர்த்துவிடும். ஒருவரின் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரத்துக்கு 2 மில்லிகிராம் வரை தாங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2011-இல் வரம்பு கட்டியிருக்கிறது. எப்போதோ ஒருமுறை தோப்பில் தின்பவர் அஞ்ச வேண்டியதில்லை எனினும், புளிக்குழம்பு மசாலாவைத் தாளில் நேரே பொதிவதற்கு அவசியமும் இல்லை.

களிமண் உறை விளையாட்டும் விருந்தும் கலந்தது. சாக்கடை கலவாத இடத்து வண்டலைப் பிசைந்து, குடல் நீக்கிச் செதில் நீக்காத ஏரிக் கெண்டையை இலையில்லாமலே விரற்கடை கனத்துக்குப் பூசி, தணலில் புதைத்து, மண் வறண்டு வெடித்தபின் உடைத்தால், செதிலும் தோலும் மண்ணோடு போய் வெண்சதை நிற்கும். நேரமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இது. பசியோடு இருப்பவர்களுக்கு அன்று.

ஆக, முடிவு இது. கிழங்கு, கத்தரிக்காய், சோளக்கதிர், கருவாடு இவற்றுக்கு வெறுந்தணல். புளி பூசிய மீனுக்கு வாழையிலை. கோழிக்கும், நேரம் பிடிக்கும் எதற்கும் தாள். குழந்தைகளோடு ஓய்வாகப் போகும் நாளுக்குக் களிமண். ஒன்றே ஒன்றுதான் எடுத்துச் செல்ல முடியுமென்றால் இலையை எடுங்கள். இரண்டும் கைவசமிருந்தால், உள்ளே இலையும் வெளியே தாளுமாகச் சுற்றுங்கள்: புளி தாளைத் தொடாது, தணல் இலையைத் தொடாது. எதில் சுட்டாலும் தணலைத் தண்ணீர் விட்டு அணைத்துவிட்டே புறப்படுங்கள். தின்றபின் இலையை மாட்டுக்குப் போடலாம். எண்ணெயும் மசாலாவும் ஒட்டிய தாளையோ, மணத்துக்காக மாடு அதையும் சேர்த்து விழுங்கும் ஆதலால், மாடு மேயும் இந்த ஊர்களில் கரையிலும் தோப்பிலும் எறியாமல், கசக்கிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.