சுடர் வேறு, உமிழ்வு வேறு

குத்தம்பாக்கம்

அன்புள்ள கயல்,

சூரியச் சுடர் வெடித்தால் கரன்ட் போய்விடுமா என்று கேட்டிருக்கிறாய். சுடரால் போகாது. சுடர் பெரும்பாலும் ஒளிதான். எட்டேகால் நிமிடத்தில் வந்து சிற்றலை வானொலியைக் கொஞ்ச நேரம் ஊமையாக்கிவிட்டு அடங்கும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாநிலத்தை ஒன்பது மணி நேரம் இருட்டாக்கியது நிறை உமிழ்வு. அதில் நூறு கோடி டன் அளவுக்குப் பிளாஸ்மா, தன் காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு கிளம்பும். வந்து சேர ஒன்றிரண்டு நாளாகும். நாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அவ்வளவு பயமில்லை.

சுடர்தான் உமிழ்வைத் தள்ளிவிடுகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். 1993-இல் ஜாக் காஸ்லிங் அதைக் கட்டுக்கதை என்றே எழுதினார். சூரியப் புள்ளிகளுக்கு மேலே முறுக்கேறிய காந்தக்கோடுகள் அறுந்து வேறுவிதமாக இணையும்போது விடுபடும் ஆற்றலில் ஒரு பங்கு சுடராகிறது, ஒரு பங்கு பிளாஸ்மாவை எறிகிறது. இரண்டாவது நடந்தே தீரவேண்டும் என்பதில்லை. 2014 அக்டோபரில் 12192 என்ற ராட்சதப் புள்ளிக்கூட்டம் மிக வலிய எக்ஸ் ரகச் சுடர்கள் ஆறு விட்டது. சொல்லிக்கொள்கிற மாதிரி உமிழ்வு எதுவும் அவற்றோடு வரவில்லை.

இந்த வெடிப்புகளோடு கரோனாவில், அதாவது சூரியனின் வெளி வளிமண்டலத்தில், எழும் அதிர்ச்சி அலைக்கு வருகிறேன். செம்பரம்பாக்கம் ஏரியில் ஒரு படகு நீரலையை முந்திக்கொண்டு ஓடினால் முகப்பில் அலை குவியும் இல்லையா? கரோனாவில் உமிழ்வு செய்வதும் அதுதான். சுடரின் அழுத்தமே அலையைக் கிளப்பும் என்று வாதிடுவோரும் உண்டு; என் ஓட்டு உமிழ்வுக்கு. கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆண்டெனாக்கள் இந்த அலையை வானொலியில் பிடிக்கின்றன. பதிவில் சாய்வான ஒரு கோடு, சில நிமிடங்களில் மேல் அதிர்வெண்ணிலிருந்து கீழே இறங்கும். பல நேரம் இரு மடங்கு அதிர்வெண்ணில் இன்னொரு கோடும் கூடவே இறங்கும். வெளியே போகப் போகக் கரோனாவின் அடர்த்தி குறைகிறது, அதிர்வெண்ணும் குறைகிறது. அந்தச் சரிவை அளந்தால் அலையின் வேகம் கிடைத்துவிடும்.

உமிழ்வைக் கண்ணால் பார்க்கச் சூரியத் தட்டை மறைக்க வேண்டும். 2023 செப்டம்பர் 2-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆதித்யா எல்-1 விண்கலத்தில் அப்படி ஒரு கருவி இருக்கிறது. அதன் திட்ட இயக்குநராக இருந்தவர் நம் செங்கோட்டை நிகார் ஷாஜி. சோஹோ விண்கலத்தின் படங்களை இணையத்தில் நீயே பார்க்கலாம். மறைத்த வட்டத்தைச் சுற்றி முழு வளையமாக வெண்புகை விரிந்தால், அது நம்மை நோக்கி வருகிறது. அல்லது நேர் எதிர்த்திசையில் போகிறது. எது என்று வளையம் சொல்லாது. அதே நேரத்தில் நம் பக்கத்து முகத்தில் சுடர் தெரிந்ததா என்று பார். தெரிந்திருந்தால், அநேகமாக நமக்குத்தான்.

உன் பெரியப்பா